மேற்கோள் காட்ட எந்த வழிகாட்டியை நம்புவது?

மேலூரிலிருந்து ஓர் ஆய்வு மாணவி எழுதியிருக்கிறார்: “துணைநூற்பட்டியல் சரியில்லை என்று நெறியாளர் இரண்டு முறை திருப்பிவிட்டார். இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் பார்த்து எழுதுவது?”

முதலில் நெறியாளரிடமே கேளுங்கள்: எந்த மேற்கோள் முறை, அதன் வழிகாட்டியில் எத்தனையாவது பதிப்பு? இதைக் கேட்கத் தயங்கித்தான் பலர் மாதக்கணக்கில் அல்லாடுகிறார்கள். பல்கலைக்கழகம் தனி விதிமுறை வைத்திருந்தால் அதுதான் இறுதி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை) என்று சொன்னால் இப்போது நடப்பில் இருப்பது 2019-இல் வந்த 7-ஆம் பதிப்பு. எம்எல்ஏ (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கத்தின் முறை) என்றால் 2021-இன் 9-ஆம் பதிப்பு. சிகாகோ (சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் முறை) என்றால் 2024-இன் 18-ஆம் பதிப்பு. ஏபிஏ, எம்எல்ஏ இரண்டும் தங்கள் தளங்களிலேயே மாதிரிகளை இலவசமாகத் தருகின்றன. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் நடத்தும் ‘ஆவ்ல்’ (OWL) என்ற எழுத்துப் பயிற்சித் தளமும் நம்பகமானது. வேறு தளம் எதையாவது பார்த்தால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஏபிஏ முறையில் நூலுக்கு “சென்னை: இன்ன பதிப்பகம்” என்று ஊர்ப்பெயர் போடச் சொல்கிறதா? அது பழைய 6-ஆம் பதிப்பு. 7-ஆம் பதிப்பில் ஊர் கிடையாது. உடனே மூடிவிடுங்கள்.

தமிழ் ஆய்வாளர்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். நமக்குக் குடும்பப்பெயர் இல்லை என்பது துணைநூற்பட்டியல் தயாரிக்கும் மென்பொருளுக்குத் தெரியாது. செல்வி முருகேசன் என்று உள்ளிட்டால் “முருகேசன், செ.” என்று அப்பா பெயரை ஆசிரியராக்கிவிடும். ஜோட்டெரோ என்ற இலவச மென்பொருளில் பெயரை ஒரே கட்டமாக மாற்றும் வசதி இருக்கிறது. அதில் “செல்வி மு.” என்று நீங்களே எழுதிவிடுங்கள். எந்த வடிவம் எடுத்தாலும் ஆய்வேடு முழுக்க அதே வடிவம் இருக்கட்டும். ஆய்வு நூல்களையும் கட்டுரைகளையும் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் ‘மேற்கோள்’ பொத்தானை அழுத்தி வருவதையும் அப்படியே ஒட்டாதீர்கள். பதிப்பகமோ ஆண்டோ விடுபட்டிருக்கலாம்.

நூல் வெளிவந்த ஆண்டைத் தெரிந்துகொள்ள நூலையே கையில் எடுத்துப் பார்ப்பதுதான் சரி. மதுரையில் நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் முதற்பதிப்பு, மறுபதிப்பு என்று இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும். நீங்கள் பக்க எண் எடுத்தது எந்தப் பதிப்போ, அந்த ஆண்டைத்தான் எழுத வேண்டும். அந்தப் பின்பக்கத்தில் உள்ள விவரங்களை அங்கேயே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.