என் ஐசி எண்ணைச் சொன்னான், நம்பிவிட்டேன்

கேள்வி: என் ஐசி (அடையாள அட்டை) எண், முகவரி எல்லாம் சொல்லி, வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். பயந்துபோய்த் துண்டித்துவிட்டேன். சிங்கப்பூரில் இனி எப்படி எச்சரிக்கையாக இருப்பது?

நீங்கள் துண்டித்துவிட்டீர்கள். நான் துண்டிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

22 வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். "படிக்காதவங்கதான் ஏமாறுவாங்க" என்று சொல்ல வருபவர்கள் தயவுசெய்து முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

2025 பிப்ரவரி, மதியச் சாப்பாட்டு நேரம். வெளிநாட்டு அழைப்பென்றால் எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறி வரும் என்பது தெரியும். இதில் இல்லை, உள்ளூர்தான் என்று எடுத்தேன். பேசியவன் என் முழுப்பெயர், ஐசி எண், புளோக், மாடி என்று ஒப்பித்தான். என் பெயரில் யாரோ கடன் அட்டை வாங்கியிருக்கிறார்களாம். பிறகு வங்கிகளை மேற்பார்க்கும் நாணய ஆணையத்தின் அதிகாரி என்று இன்னொருவன் வீடியோவில் வந்தான், கழுத்தில் அட்டை வேறு. கள்ளப்பண வழக்காம், வீட்டில்கூடச் சொல்லக் கூடாதாம். கை நடுங்க, 'சரிபார்க்க' என்று கேட்ட 4,200 வெள்ளியை (டாலர்) பேநவ்வில், அதாவது வங்கிகளின் உடனடிப் பணம் அனுப்பும் வசதியில், அனுப்பினேன்.

அடுத்து மீதி 38,000 வெள்ளியைக் கேட்டான். அது பூட்டிய பணம். 2023 கடைசியில் வங்கிகள் கொண்டுவந்த வசதி அது. பூட்டிய தொகையை ஆன்லைனில் யாருக்கும் அனுப்ப முடியாது. நேரில் போய்த்தான் திறக்க வேண்டும். மகன் நச்சரித்துப் பூட்ட வைத்திருந்தான். அவனை மனதுக்குள் திட்டிக்கொண்டே ஈசூனில் உள்ள கிளைக்குப் போனேன். போன் கைப்பையில், அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. என்ன வேலையாக வந்தீர்கள் என்று வரிசை எண் கொடுத்த பெண் கேட்டாள். "மகன் கல்யாணச் செலவு" என்றேன். சொல்லிக்கொடுத்தபடியே பொய். பணம் போனதைவிட இதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

முக்கால் மணி நேரம் காத்திருந்ததில் பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்தக் குரல் நின்ற பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. அந்தப் பெண்ணிடமே போன் கேட்டு, மோசடி உதவி எண்ணான 1799க்கு அழைத்தேன். அனுப்பிய 4,200 திரும்பி வரவில்லை.

என்னைக் கவிழ்த்தது ஐசி எண்தான். அதைத் தெரிந்தவன் அதிகாரியாகத்தான் இருப்பான் என்று நினைத்தேன். 2024 டிசம்பரில் பிஸ்ஃபைல் என்ற அரசாங்க நிறுவனப் பதிவுத் தளத்தில் தேடினாலே முழு எண்களும் வந்தது ஞாபகமிருக்கும். ஐசி எண் ஒரு பெயர் மாதிரிதான், அதைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள் என்று அரசாங்கமே பிறகு சொன்னது. என் எண்ணை நானே எத்தனை குலுக்கல் சீட்டில் எழுதிப் போட்டிருக்கிறேன்!

2025 ஜூலை முதல், ஏமாறுகிறவர் எச்சரித்தும் கேட்கவே மறுத்தால் அவர் கணக்கிலிருந்து பணம் போகாமல் 30 நாள்வரை நிறுத்திவைக்கக் காவல்துறை வங்கிக்கு உத்தரவிடலாம். நம் பணத்தில் அவர்களுக்கென்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். அந்த வரிசையில் நான் உட்கார்ந்திருந்ததுபோல் அவர்களும் உட்கார்ந்து பார்க்கட்டும்.

  

சரி, உங்கள் விஷயம். அன்றாடச் செலவுக்கு வேண்டியதை விட்டுவிட்டு மீதியை இன்றே பூட்டுங்கள். நீங்களாகத் தொடங்காத எதற்கும் சிங்பாஸில் (அரசாங்கத்தின் இணைய அடையாளச் செயலி) ஒப்புதல் கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்னால் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். உங்களுக்கு வந்த அந்த எண்ணை, மோசடியைத் தடுக்கும் ஸ்கேம்ஷீல்ட் செயலியில் புகார் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவன் அடுத்து என்னைப் போல் யாருக்காவது போன் அடிப்பான்.