டிசம்பரில் சோல் பயணம்: அம்மாவுக்கு எதிர்ப்பு சக்தி மாத்திரை வேண்டுமா?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டார வாசகி ஒருவரின் கேள்வி: "ஆண்டிறுதி மழை தொடங்கினாலே எங்கள் வீட்டில் மாற்றி மாற்றிச் சளி, இருமல். டிசம்பரில் குடும்பத்தோடு தென்கொரியாவின் சோல் நகருக்குச் செல்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இப்போதிருந்தே வைட்டமின் சி மாத்திரை கொடுத்தால் எதிர்ப்பு சக்தி கூடுமா?"

மாத்திரைக்குச் செலவிடும் பணத்தை மிச்சப்படுத்துங்கள். வைட்டமின் சி-யைத் தினமும் விழுங்குபவர்களுக்கும் பொதுவாகச் சளி பிடிக்கத்தான் செய்கிறது. சற்றுச் சீக்கிரம் குணமாகலாம், அவ்வளவுதான். தேக்கா சந்தையில் கிடைக்கும் ஒரு கொய்யாப்பழத்திலேயே ஒரு நாளைக்குத் தேவையான அளவுக்கு மேல் இருக்கிறது. அதிக அளவு வைட்டமின் சி சில குளுக்கோஸ் கருவிகளில் தவறான அளவைக் காட்டவும் செய்யும். இன்சுலின் போடுபவருக்கு அது ஆபத்து.

அம்மாவுக்கு உண்மையில் வேண்டியது சளிக்காய்ச்சல் தடுப்பூசி. பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ 2 வாரம் ஆகும் என்பதால், விமானம் ஏறும் முந்தைய நாள் போட்டுப் பயனில்லை, நவம்பரிலேயே போட்டுவிடுங்கள். 65 வயதைக் கடந்தவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இங்கே இது பரிந்துரைக்கப்படுகிறது. நிமோனியா போன்ற தொற்றுகளைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் கேளுங்கள். அம்மா குடியுரிமை பெற்றவராக இருந்து ஹெல்தியர் எஸ்ஜி என்ற தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், பதிவு செய்த மருந்தகத்தில் இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

மழையில் நனைந்ததால்தான் சளி என்று பழியை மழைமேல் போடுகிறோம். கிருமி வருவது இன்னொருவரிடமிருந்து. மழை பெய்தால் வீவக அடுக்குமாடி வீட்டின் சன்னல்களை எல்லாம் அடைத்து, குளிரூட்டியைப் போட்டு, இருமும் பிள்ளையோடு ஒரே அறையில் தூங்குகிறோம். சாரல் அடிக்காத பக்கத்துச் சன்னலையாவது திறந்து வைத்து, மின்விசிறியைச் சுழல விடுங்கள். இருமுபவர் முகக்கவசம் அணியட்டும். மிளகு ரசம் தாராளமாக வையுங்கள்: கிருமியைக் கொல்லாது, ஆனால் அடைத்த மூக்குக்கும் கரகரத்த தொண்டைக்கும் அது தரும் இதத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தூக்கத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குபவர்களைச் சளி எளிதில் பிடிக்கிறது.

சோலில் டிசம்பர் இறுதியில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்கும். இன்சுலினைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் உறைந்துபோனால் அது வீண். வெளியில் நடக்கும்போது உடையின் உள்பக்கம், உடலை ஒட்டி இருக்கட்டும்.

எனக்குப் பெரிய கவலை அம்மாவின் பாதங்கள்தான். நீண்டநாள் நீரிழிவில் கால் உணர்ச்சி மங்கியிருக்கலாம். காலணிக்குள் வைக்கும் சூட்டுப் பைகள் சுட்டுக் கொப்பளித்தாலும் அவருக்குத் தெரியாது. அவற்றைத் தவிர்த்துக் கம்பளிக் காலுறை போடுங்கள். ஒவ்வோர் இரவும் பாதங்களை நீங்களே பாருங்கள். காய்ச்சல் வந்தால் சர்க்கரை ஏறும், அடிக்கடி அளந்து பாருங்கள். மூச்சுத் திணறலோ, நெஞ்சு வலியோ, பேச்சில் குழப்பமோ தெரிந்தால், ஊர் திரும்பும்வரை காத்திருக்காமல் அங்கேயே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.