கண்ணியின் அளவு

அன்புள்ள ஐயா,

டிரோன்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் புதுச்சேரியில் கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தானாகவே இலக்கைத் தேர்ந்தெடுத்துச் சுடும் ஆயுதங்களுக்கு உலக அளவில் கட்டுப்பாடு வேண்டும் என்கிறீர்கள். ஜெனீவாவில், மரபான ஆயுதங்கள் பற்றிய ஐ.நா. ஒப்பந்தத்தின் கூட்டங்களில், 2014 முதல் இதைப் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். வல்லரசுகள் கையெழுத்துப் போடப்போவதில்லை. 2023-இல் இதைப் பற்றிய ஐ.நா. தீர்மானத்தை எதிர்த்து நம் நாடே ஓட்டுப் போட்டது. அப்புறம் யாருக்காக இந்த ஒப்பந்தம்? இன்னொன்று: தூக்கமில்லாமல், பயத்திலும் கோபத்திலும் சுடும் சிப்பாயைவிட இயந்திரம் நிதானமாகச் சுடுமே, அதை ஏன் தடுக்க வேண்டும்?

ர., குண்டு உப்பலவாடி

அன்புள்ள தம்பி,

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். 1690-இல் கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் சேர்த்தி என்று பேரம். பீரங்கியை நாலா பக்கமும் சுட்டார்கள். அந்த எல்லைக்குள் அகப்பட்டவை குண்டு கிராமங்கள் ஆயின. அக்கிரமம்தான். ஆனால் சுட்டவன் யார், சுடச் சொன்னவன் யார், பத்திரம் எழுதிக்கொண்டவன் யார் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. தானியங்கி ஆயுதத்தில் முதலில் காணாமல் போவது இந்த 'யார்'தான்.

நிதானம் பற்றிய உங்கள் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. 1983 செப்டம்பரில் சோவியத் அதிகாரி பெட்ரோவின் திரையில் அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து வருவதாகக் காட்டியது. வெறும் ஐந்தை வைத்துக்கொண்டா போரைத் தொடங்குவார்கள் என்று அவர் சந்தேகப்பட்டு, பொய்யான எச்சரிக்கை என்று மேலே சொன்னார். மேகத்தில் பட்ட சூரிய ஒளியை ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது அந்த இயந்திரம். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். உங்கள் பக்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு. 1988 ஜூலையில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ் ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 290 பேர் செத்தார்கள். விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது என்று கப்பலின் கணினி சரியாகவே காட்டியது. கீழே பாய்கிறது என்று நம்பியவர்கள் மனிதர்கள். ஆக, பொத்தான் பக்கத்தில் ஓர் ஆளை உட்கார வைத்துவிட்டால் போதும் என்று நானும் சொல்லமாட்டேன்.

சரி, யாருக்காக ஒப்பந்தம்? இதற்கு நீங்கள் ஜெனீவாவரை போக வேண்டாம், கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகம் போதும். போன மாதம் அங்கே வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சுருக்குமடி வலையைப் பற்றிப் பேச்சு வந்தது. மீன் கூட்டத்தைச் சுற்றி வட்டமாக வலையை இறக்கி, அடியில் வளையங்களுக்குள் ஓடும் கயிற்றை இழுத்தால் சுருக்குப்பை மாதிரி வாய் மூடிக்கொள்ளும். மத்தியோ, பொடிசோ, உள்ளே இருப்பதெல்லாம் மேலே வரும். கண்ணியில் இரண்டு விரலை விட்டு விரித்துக் காட்டியபடி அவர் சொன்னார்: "வலைக்கு ஏது சார் கண்ணு, கண்ணிதான் இருக்கு."

தமிழ்நாட்டில் அதற்குத் தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் கொஞ்சம் வழிவிட்டது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை, படகில் இருப்பிடம் காட்டும் கருவியோடு. இதில் யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. "அடுத்த ஊர்க்காரன் போடுறான், நாங்க மட்டும் கரையில உக்காந்திருக்கணுமா?" என்ற கேள்வி இங்கே தினமும் கேட்கும். நாடுகள் கேட்பதும் இதே கேள்விதான், கோட் சூட் போட்டுக்கொண்டு கேட்கின்றன.

சர்வதேச செஞ்சிலுவைக் குழு 2021-இல் வைத்த யோசனையைப் படித்தால் எனக்கு இந்த வலை உத்தரவுதான் ஞாபகம் வருகிறது. என்ன செய்யும் என்று கணிக்க முடியாத ஆயுதங்களும், மனிதரையே குறிவைக்கும் ஆயுதங்களும் கூடவே கூடாது. மற்றவற்றுக்கு எல்லை: எதைச் சுடலாம், எந்தப் பரப்பில், எவ்வளவு நேரம், இடையில் நிறுத்த ஆள் இருக்கிறாரா. ரேடார் அலையைத் தேடி வானில் சுற்றிக் காத்திருந்து பாயும் ஹார்ப்பி மாதிரி ஆயுதங்கள் 1990-களிலிருந்தே இருக்கின்றன, நம்மிடமும் உண்டு. அவற்றை இனி யாரும் இல்லாமல் ஆக்கப்போவதில்லை, எல்லை போடத்தான் முடியும்.

இந்தியா எதிர்த்தது உண்மை. 2023 டிசம்பரில் 152 நாடுகள் ஆதரித்த தீர்மானத்தை எதிர்த்த நான்கில் நாமும் ரஷ்யாவும் இருந்தோம். இதைப் பேச ஜெனீவாதான் இடம், இன்னொரு மேடை வேண்டாம், சட்டமாக்குவதற்கு இன்னும் காலம் வரவில்லை என்பது நம் வாதம். அந்த ஜெனீவா நிபுணர் குழுவுக்கே 2017-இலும் 2018-இலும் தலைமை வகித்தவர் நம் தூதர் அமன்தீப் சிங் கில். ஆனால் அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும், ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் கதை முடிந்தது. இடம் அதுதான் என்று சொல்வதும் ஒப்பந்தமே வேண்டாம் என்று சொல்வதும் நடைமுறையில் பெரிய வித்தியாசமில்லை என்பது என் அபிப்பிராயம்.

கண்ணிவெடி விஷயத்தில் அங்கே வேலை நடக்காமல்தான் வெளியே வந்து 1997-இல் ஒட்டாவா ஒப்பந்தம் போட்டார்கள். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா யாரும் சேரவில்லை, ஆனாலும் கோடிக்கணக்கான கண்ணிவெடிகள் அழிக்கப்பட்டன. 2025-இல் பால்டிக் நாடுகளும் பின்லாந்தும் போலந்தும் அதிலிருந்து விலக முடிவெடுத்தன என்பதையும் மறைக்கக் கூடாது. பயம் வந்தால் காகிதம் கிழியும். அதற்கு நேர்மாறாக, கண்ணைக் குருடாக்கும் லேசர் ஆயுதத்தை 1995-இல், போர்க்களத்துக்கு வருமுன்பே, தடுத்தார்கள். அது அதே ஆயுத ஒப்பந்தத்தின் கீழேயே, வியன்னாவில் கூடிய மாநாட்டில் நடந்தது.

என்னை உண்மையில் உறுத்துவது வேறு. வலைக் கண்ணியை அளவுகோல் வைத்து அளந்துவிடலாம். ஆள் சம்மதித்தால் மட்டுமே சுடு என்று மென்பொருளில் இருக்கும் ஒரு வரியை இரவோடு இரவாக எடுத்துவிட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு டிரோன் அதே டிரோன். அதை யார், எப்படிச் சோதிப்பது? ஜெனீவா குழுவுக்கு 2026 வரைதான் அவகாசம், அதற்குள் இதற்கு விடை வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. கணினி படிக்கிறவர் நீங்கள், உங்களுக்கு ஏதாவது வழி தெரிந்தால் எழுதுங்கள். ஒருநாள் துறைமுகத்துக்கும் வாருங்கள். இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவிட்டுக் கடலுக்குப் போகும் படகுகளைப் பற்றி அந்த வலைக்காரரிடம் நிறையக் கதை இருக்கிறது.