கால்நடை முட்டை முதிர்ச்சிக்கு ஆன்டிஆக்சிடன்ட்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: உடலுக்குள் முதிரும் சினைமுட்டைக்கு யாரும் ஆன்டிஆக்சிடன்ட் (ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தடுக்கும் பொருள்) எதையும் சேர்ப்பதில்லையே. ஆய்வகத் தட்டில் மட்டும் எதற்கு?

பதில்: உடலுக்குள் அது இருட்டில், சூலகத்தின் நுண்ணறை என்ற சிறு பையிலுள்ள திரவத்துக்குள் கிடக்கிறது. ஆக்சிஜனும் அங்கே குறைவு. நாம் அதை உறிஞ்சி எடுத்து, மைக்ரோஸ்கோப் வெளிச்சத்தில் பொறுக்கி, ஏறக்குறைய 20% ஆக்சிஜன் உள்ள இன்குபேட்டரில் வைக்கிறோம். மாட்டு முட்டை 22 முதல் 24 மணி நேரம் அப்படி இருக்கும். பன்றி முட்டை 42 முதல் 44 மணி நேரம். பன்றி முட்டையில் கொழுப்பும் அதிகம், லென்ஸுக்கு அடியில் கன்னங்கரேலென்று தெரியும். கொழுப்பு எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். கூடுதல் பாதுகாப்பு தேவைப்படுவது இதனால்தான்.

கேள்வி: சிஸ்டியமின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் சப்ளிமென்ட்டைச் சேர்த்தேன். துருவ உடல் (முதிரும்போது முட்டை வெளித்தள்ளும் சிறு செல்) வந்த முட்டைகளின் விகிதம் மாறவே இல்லை. வீண் வேலையா சார்?

பதில்: இல்லை, தயவுசெய்து அதோடு நிறுத்திவிடாதீர்கள். துருவ உடல் காட்டுவது உட்கருவின் முதிர்ச்சியை மட்டும். மாட்டு முட்டைகளில் பொதுவாக 80 சதவீதத்துக்கு மேல் அந்தக் கட்டத்தைத் தொட்டுவிடும். பிளாஸ்டோசிஸ்ட் (உள்ளே திரவக் குழி உருவான கரு) ஆவதோ 30, 40 சதவீதம்தான். இடையில் தொலைந்துபோவதற்கு ஒரு பெரிய காரணம் சைட்டோபிளாசம் தயாராகாமல் இருப்பது.

சிஸ்டியமின் உதவுவது அங்கேதான். ஊடகத்தில், அதாவது வளர்ப்புத் திரவத்தில், உள்ள சிஸ்டீனை (cystine) முட்டையால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சிஸ்டியமின் அதை உடைத்து சிஸ்டெயினாக (cysteine) மாற்றும். முட்டையைச் சுற்றியுள்ள கியூமுலஸ் செல்கள் அதை உள்வாங்கும். முட்டைக்குள் குளூட்டாதயோன் என்ற இயற்கை ஆன்டிஆக்சிடன்ட் சேரும். விந்தணு உள்ளே போனதும் அதன் இறுகிய தலை தளர்ந்து ஆண் முன்னுட்கரு (விந்தணுவிலிருந்து உருவாகும் உட்கரு) உருவாக இந்தக் குளூட்டாதயோன் வேண்டும். முதல் சில பிளவுகளில் கருவுக்குக் கைகொடுப்பதும் இந்தச் சேமிப்புதான். அதனால் பிளாஸ்டோசிஸ்ட் வரை எண்ணுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கியூமுலஸ் செல்களை நீக்கிய முட்டைக்கும் இதே பலன் கிடைக்குமா?

பதில்: குறையும். மேலே சொன்ன வழியே அந்தச் செல்கள் மூலம்தான்.

கேள்வி: அளவைக் கூட்டினால் பலனும் கூடுமா?

பதில்: கூடாது. முட்டை முதிர ஓரளவு வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் (ROS) சமிக்ஞையாகத் தேவை. அவற்றை முழுக்கத் துடைத்துவிட்டால் வேறு விதத்தில் கெடும். பன்றி முட்டையில் ரெஸ்வெரட்ரால் (திராட்சைத் தோலில் உள்ள ஆன்டிஆக்சிடன்ட்) 2 மைக்ரோமோலாரில் நல்லது செய்கிறது, 10 மைக்ரோமோலாரில் முதிர்ச்சியே குறைகிறது. மாட்டு முட்டைக்கு சிஸ்டியமின் 100 மைக்ரோமோலார், எருமைக்கு 50 என்று பலர் தொடங்குவார்கள். ஆன்டிஆக்சிடன்ட்டாகவும் செயல்படும் மெலடோனின் ஹார்மோனுக்கு நானோமோலார் (மைக்ரோமோலாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே போதும். வைட்டமின் சி விஷயத்தில் இன்னும் கவனம்: ஊடகத்தில் கட்டற்ற இரும்பு இருந்தால் வைட்டமின் சி எதிர்வேலை செய்து ஆக்சிஜனேற்றத்தைக் கூட்டும்.

இன்னொன்று. ரெஸ்வெரட்ராலையும் மெலடோனினையும் எத்தனாலிலோ டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானிலோ கரைப்போம். நான் ஆரம்பத்தில் எத்தனால் மட்டும் சேர்த்த குழுவை வைக்காமல் மூன்று மாதம் வேலை செய்தேன். பார்த்த மாற்றம் மருந்தாலா, கரைப்பானாலா என்று சொல்ல வழியே இல்லாமல் எல்லாத் தட்டுகளையும் திரும்பச் செய்தேன். இந்த இழப்பு உங்களுக்கு வரக்கூடாது.

கேள்வி: நாலைந்து பொருள்களைக் கலந்து போடலாமா?

பதில்: முதலில் ஒவ்வொன்றாக. கலந்தபின் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது.

கேள்வி: மாணவன் நான், வசதி குறைவு. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: சப்ளிமென்ட் வாங்கும் முன் கையாளும் முறையைச் சரி செய்யுங்கள். மோசமான கையாளுதலை எந்தப் பொருளும் ஈடுகட்டாது. வளர்ப்புத் துளிகளின் மேல் ஊற்றும் மினரல் ஆயிலை வெளிச்சத்தில் வைத்தால் பெராக்சைடு சேரும். பாட்டிலை இருட்டில் வையுங்கள். முட்டை பொறுக்கும் நேரத்தைக் குறையுங்கள். கரு வளர்ப்புக்கு 5% ஆக்சிஜன் கிடைத்தால் அதுவே பெரிய உதவி. முதிர்ச்சிக் கட்டத்தில் மட்டும் அதன் பலன் குளுக்கோஸ் அளவைப் பொறுத்து மாறுகிறது.

பிறகு எண்ணிக்கை. ஒரே நாளில் வந்த சூலகங்களிலிருந்து 200 முட்டை எடுத்தாலும் அது ஒரு முறைதான். வேறு வேறு நாள்களில் குறைந்தது நான்கைந்து முறை செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் கட்டுப்பாட்டுக் குழு, கரைப்பான் குழு, சப்ளிமென்ட் குழு மூன்றும் அதே சூலகங்களிலிருந்து வரட்டும்.