செக்அவுட்டில் சொந்த கோட் சேர்ப்பது: கேட்டவையும் பதில்களும்

கே: வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் தளத்தை ஆன்லைன் கடையாக்கும் மென்பொருள்) செக்அவுட்டில், அதாவது வாங்குபவர் முகவரி தந்து பணம் கட்டும் பக்கத்தில், டெலிவரி தேதி கேட்கும் ஃபீல்டு வேண்டும். இணையத்தில் கிடைத்த ஃபில்டர் கோடை (வூகாமர்ஸ் காட்டுவதை மாற்றும் கோட்) தீமின், அதாவது தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தொகுப்பின், ஃபங்ஷன்ஸ் ஃபைலில் போட்டேன். ஒன்றுமே வரவில்லை.

ப: கோடில் பிழை இருக்காது. உங்கள் கடை புதியது என்றால் அங்கே இருப்பது பிளாக் செக்அவுட், அதாவது எடிட்டரில் துண்டு துண்டாக அடுக்கும் புது வகை. 2023 நவம்பரில் வந்த வூகாமர்ஸ் 8.3 பதிப்பிலிருந்து புதுக் கடைகளுக்கு அதுதான் தானாக அமைகிறது. நீங்கள் எடுத்த ஃபில்டர் பழைய ஷார்ட்கோட் செக்அவுட்டுக்கானது (பக்கத்தில் ஒரு குறிச்சொல் போட்டால் வருவது). பிளாக் அதைக் கண்டுகொள்ளாது. கூடுதல் ஃபீல்டுகளுக்கென்றே தனி ஏபிஐ (கோடிலிருந்து அழைக்கும் வழி) இருக்கிறது, அதில் செலக்ட் வகையில் (பட்டியலிலிருந்து தேர்வது) பதிவு செய்து தேதிகளைப் பட்டியலாகக் கொடுங்கள்.

இன்னொன்று: தீம் அப்டேட் ஆனால் அந்த ஃபைலில் போட்டதெல்லாம் அழிந்துவிடும். ஒரு சின்ன பிளகின் (தீமைச் சாராத தனி கோட் தொகுப்பு) எழுதி அதற்குள் வையுங்கள்.

கே: ஷாப்பிஃபையில் (ஆன்லைன் கடை நடத்தும் சேவை) செக்அவுட் பக்கத்தை அமைக்கும் செக்அவுட்.லிக்விட் ஃபைலை எப்படித் திருத்துவது?

ப: அந்த வழி அடைபட்டுவிட்டது. முகவரி, ஷிப்பிங், பேமெண்ட் பக்கங்களுக்கு 2024 ஆகஸ்ட் 13-ஓடு முடிந்தது. இனி ஷாப்பிஃபை தரும் எக்ஸ்டென்ஷன் (பக்கத்தில் சேர்ப்பவை), ஃபங்ஷன் (கணக்கு விதிகளை மாற்றுபவை) வழியாகத்தான்.

கே: இரண்டு பொருள் வாங்கினால் 10% தள்ளுபடி. ஜாவாஸ்கிரிப்டில் மொத்தத் தொகையை மாற்றினேன், கார்டில் பழைய தொகையே போகிறது.

ப: போகத்தான் செய்யும். நீங்கள் மாற்றியது திரையில் தெரியும் எழுத்தை. பணக் கணக்கு சர்வரில் நடக்கிறது, தள்ளுபடியும் அங்கேதான் கழிய வேண்டும். பிரவுசர் சொல்லும் தொகையை சர்வர் அப்படியே நம்பினால், வாங்குபவரே விலையை மாற்றிக்கொள்வார்.

கே: நன்றிப் பக்கத்தில் வைத்த விற்பனைக் கணக்கு கோட், ஒரே ஆர்டரை இரண்டு மூன்று தரம் எண்ணுகிறது.

ப: பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யும்போதெல்லாம் அந்த ஹூக் (உங்கள் கோடைத் தானாக ஓட்டும் இடம்) மறுபடி ஓடும். முதல் தடவையே ஆர்டரில் ஒரு மெட்டா குறி (ஆர்டரோடு சேமிக்கும் கூடுதல் தகவல்) வைத்து, குறி இருந்தால் எண்ணாமல் விட்டுவிடுங்கள்.

கே: செக்அவுட்டில் சாட் விட்ஜெட் வைக்கலாமா, அண்ணா?

ப: வேண்டாம், தம்பி. அந்தப் பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் அங்கே தட்டப்படும் எழுத்துகளைப் படிக்க முடியும். 2018-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலின் அடியில் செருகப்பட்டது வெறும் 22 வரிகள். இரண்டு வாரம் யாருக்கும் தெரியாமல் கார்டு விவரங்கள் வெளியே போயின. 2020-இல் 2 கோடி பவுண்டு அபராதம்.

கே: பிரிட்டிஷ் ஏர்வேஸ் கார்டு எண்ணைத் தன் பக்கத்திலேயே வாங்கும் தளம். நாங்கள் கேட்வே (பணம் வாங்கித் தரும் நிறுவனம்) பக்கத்துக்கு அனுப்பிவிடுகிறோம். சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

ப: இதை நான் விடமாட்டேன். கேட்வேக்கு அனுப்பும் பட்டன் யார் பக்கத்தில் இருக்கிறது? உங்கள் பக்கத்தில். கெட்ட ஸ்கிரிப்ட் அங்கேயே ஒரு போலி கார்டு ஃபாரம் வரைந்து, எண்ணை வாங்கிக்கொண்டு, பிறகு உண்மையான கேட்வேக்கு அனுப்பும். முதல் தடவை ஏதோ சிக்கல் என்று எண்ணி வாங்குபவர் மறுபடி தட்டுவார். பணமும் சரியாக வந்து சேரும், உங்களுக்குச் சந்தேகமே வராது.

கே: டேக் மேனேஜர் (தளத்தின் ஸ்கிரிப்டுகளை வெளியிலிருந்து ஏற்றும் கருவி) வழியாகப் போட்டால் பாதுகாப்பு என்கிறார் எங்கள் டெவலப்பர்.

ப: நேர்மாறு. அதன் லாகின் கிடைத்தவர் யாரும், உங்கள் கோடைத் தொடாமலே எதையும் ஏற்றலாம். பேமெண்ட் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் பட்டியலும் காரணமும் வேண்டும் என்ற பிசிஐ (கார்டுத் துறையின் பாதுகாப்புத் தரம்) விதி 2025 மார்ச் 31 முதல் கட்டாயமானது இதற்காகத்தான்.

கே: கோடை எந்த ஃபைலில் போடணும்?

ப: முதல் பதிலில் சொல்லிவிட்டேன். பிளகினில்.

கே: செக்அவுட்டில் பாப்அப் வைக்க கோட் கிடைக்குமா?

ப: சாட் விட்ஜெட்டுக்குச் சொன்னதேதான். வைக்காதீர்கள்.

கே: தீம் ஃபைலிலேயே போட்டுவிட்டேன். கடை முழுக்க வெள்ளைப் பக்கம்!

ப: பதறாதீர்கள். அட்மின் மெயிலைப் பாருங்கள், வேர்ட்பிரஸ் 5.2-இலிருந்து மீட்பு இணைப்பு அனுப்பும். வரவில்லையென்றால் ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் போய் நீங்கள் சேர்த்த வரிகளை மட்டும் நீக்குங்கள். கடை திரும்பியதும் சோதனைக்கு ஓர் ஆர்டர் போட்டுப் பாருங்கள். அடுத்த முயற்சி ஸ்டேஜிங்கில், அதாவது கடையின் சோதனை நகலில்.