வரப்பில் பூச்செடி வைத்தால் மருந்துச் செலவு குறையுமா?

குறையும். பூவின் தேனைத் தேடி, பயிர்ப்பூச்சியை அழிக்கும் சின்னக் குளவிகள் வரும். ஆனால் எந்தப் பூ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நீங்கள் கத்தரி, தக்காளி போடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம் எங்களுக்கும் அதே வெள்ளாமைதான்.

பனமரத்துப்பட்டிப் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் அரளி. வெறும் பூ இருந்தால் போதும் என்றால் அங்கே மருந்துக்கடைக்கே வேலை இருக்கக் கூடாது. அரளியில் தேன் கிடையாது. அதையும் மொட்டாகவே பறித்து அனுப்பிவிடுகிறார்கள். குண்டுமல்லியையும் மொட்டிலேயே பறித்துவிடுகிறார்கள். சந்தைக்குப் போகிற பூவால் குளவிக்கு லாபமில்லை.

குளவி என்றதும் கொட்டுகிற குளவியை நினைக்காதீர்கள். இது கொசுவை விடச் சின்னது. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவுப்பூச்சியை ஒழிக்க ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து கொண்டுவந்து, 2022இல் நம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்களே, அந்த ஒட்டுண்ணி வகை, அதாவது பூச்சியின் உடலிலேயே முட்டையிடுவது. இதன் புழுதான் பூச்சியைத் தின்னும். வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும். வாயோ குட்டை, ஆழமான பூவுக்குள் எட்டாது. அதனால் திறந்த சின்னப் பூக்களாகப் பாருங்கள்: கொத்தமல்லி, சோம்பு, கடுகு. கொத்தமல்லியைப் பறிக்காமல் முற்றவிட்டால் பக்கத்துக் காட்டு மாமா, "கட்டு கட்டி வித்திருக்கலாமே மாப்ள" என்பார். சிரித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான்.

இதோடு தட்டைப்பயறு கட்டாயம். அதில் செடிச்சாற்றை உறிஞ்சும் கருப்பு அசுவினி அப்பும். பதற வேண்டாம், அது பயறுவகைப் பூச்சி, கத்தரிக்கோ தக்காளிக்கோ பெரிதாகத் தாவாது. அதைத் தின்னத்தான் பொறிவண்டு வரும். அந்தக் கொழுந்தை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே கால் இல்லாத, வழவழவென்ற புழு ஒன்று நெளியும். நசுக்கிவிடாதீர்கள், அது மிதவை ஈயின் புழு, அசுவினியைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். உப்பிப்போய், முதுகில் வட்ட ஓட்டையோடு காய்ந்த அசுவினி இருந்தால் குளவி வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் உங்கள் பயிரே அவரை என்றால் பக்கத்தில் தட்டைப்பயறு வைக்காதீர்கள், அதே அசுவினி அதிலும் ஏறும்.

துலுக்க சாமந்தி (செண்டுமல்லி) பற்றியும் கேட்டிருந்தீர்கள். அடுக்குப் பூவில் தேனை எட்டுவது சிரமம். ஆனால் தக்காளியில் அதற்கு வேறு வேலை: காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டு அதன் மொட்டில் முட்டையிடும். 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை சாமந்தி என்பது பெங்களூரு தோட்டக்கலை நிறுவனத்தின் கணக்கு. நடும்போது சாமந்தி நாற்று 45 நாள், தக்காளி நாற்று 25 நாள் வயதில் இருந்தால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கும்.

நேரம்தான் பலருக்கும் தவறுகிறது. நடவுக்குப் பிறகு வரப்பு விதைத்தால் பூ வருவதற்குள் பூச்சி குடியேறிவிடும். நாற்றங்கால் போடும்போதே வரப்பிலும் விதையுங்கள், இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை.

நெல்லில் இதைப் பெரிய அளவில் செய்தே பார்த்துவிட்டார்கள். சீனா, தாய்லாந்து, வியட்நாமில் வரப்பில் எள் போன்றவற்றை வைத்த ஆய்வு 2016இல் வந்தது. மருந்தடிப்பு 70 சதவீதம் குறைந்து, விளைச்சல் 5 சதவீதம் கூடியது. கத்தரிக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். தண்டு, காய்த் துளைப்பான் புழு உள்ளே போய் உட்கார்ந்துவிடும், அதற்கு ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் வாடிய நுனியைக் கிள்ளி அழிப்பதும்தான். மருந்து அடித்தே தீர வேண்டும் என்றால் சாயங்காலம், காற்று இல்லாதபோது, வரப்பில் படாமல் அடியுங்கள்.