பால் பல் தேய்வது ஏன்? பெற்றோர் கேள்விகளுக்குக் குழந்தைப் பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் 3 வயது மகளுக்குச் சொத்தை எதுவும் இல்லை. ஆனால் முன்பற்கள் மெலிந்து மஞ்சளாகி வருகின்றன. ஏன்?

பதில்: அமில அரிப்பாக இருக்கலாம். சொத்தையில் கிருமிகள் சர்க்கரையிலிருந்து அமிலம் உண்டாக்கி ஓரிடத்தில் குழி போடும். அரிப்பில் கிருமிக்கு வேலையே இல்லை. பானத்திலோ வயிற்றிலிருந்தோ வரும் அமிலம், பல்லின் கடினமான மேலுறையான எனாமலை நேராகக் கரைக்கிறது. பல் வழவழவென்று மின்னும், கடைவாய்ப் பல்லின் முகடுகளில் கிண்ணம் போலப் பள்ளம் விழும். மஞ்சளாகத் தெரிவது எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் என்ற அடுக்கு. பால் பல்லின் எனாமல், நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதித் தடிமன்தான். நேரில் காட்டிவிடுங்கள்.

கேள்வி: சர்க்கரை சேர்க்காத பழச்சாறுதான் கொடுக்கிறேன். அதுவுமா?

பதில்: அதுவும்தான். பிஎச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலம் அதிகம். அது 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும்; ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகள் 4-ஐ ஒட்டியே இருக்கின்றன. அளவைவிட நான் முதலில் விசாரிப்பது, எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதைத்தான். சாப்பாட்டோடு அரை டம்ளர் குடித்து முடித்தால் உமிழ்நீர் சமாளித்துவிடும். அதையே சிப்பர் பாட்டிலில் ஊற்றி மத்தியானம் முழுக்க உறிஞ்ச விட்டால் பல்லுக்கு ஓய்வே கிடைக்காது. தூக்கத்தில் உமிழ்நீர் குறையும் என்பதால் படுக்கையில் ஜூஸ் பாட்டில் வேண்டவே வேண்டாம். 1 வயது வரை பழச்சாறே தேவையில்லை.

கேள்வி: குடித்ததும் பல் தேய்த்துவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: அப்போது எனாமல் மிருதுவாகியிருக்கும், பிரஷ் அதைச் சுரண்டிவிடும். தண்ணீர் குடிக்கக் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துத் தேயுங்கள். ஃப்ளூரைடு பேஸ்ட் 3 வயது வரை ஓர் அரிசி அளவு, அப்புறம் பட்டாணி அளவு.

கேள்வி: என் மகன் ஜூஸ் பக்கமே போவதில்லை. மேல் முன்பற்களின் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதாம்.

பதில்: உட்பக்கம் என்றதும் எனக்கு வயிற்று அமிலம் மேலே வருகிறதோ என்ற சந்தேகம்தான் வருகிறது. அடிக்கடி வாந்தி, புளித்த ஏப்பம், படுத்ததும் இருமல் உண்டா? இல்லாவிட்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சில பிள்ளைகளுக்கு வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

கேள்வி: விழப்போகும் பல்தானே, விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். கடைவாய்ப் பால் பற்கள் விழ 10, 12 வயதாகும். அதுவரை கூச்சத்தோடு மெல்ல வேண்டியது அந்தக் குழந்தைதான். பழக்கம் மாறாவிட்டால், 6 வயதில் முளைக்கும் நிரந்தரப் பல்லையும் அதே அமிலம் பிடித்துக்கொள்ளும். போன எனாமல் திரும்ப வளராது, ஆனால் மேற்கொண்டு தேயாமல் நிறுத்த முடியும். நல்ல வெளிச்சத்தில் பற்களை இன்றே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த பரிசோதனையில் ஒப்பிட்டால் தேய்வு நின்றிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.